அது கறுப்பு ஞாயிறு படம் அல்ல

புழுதிப் புயலில் ஒரு விவசாயி இரண்டு பையன்களோடு கொட்டகைப் பக்கம் நடக்கும் படத்தை, அமெரிக்கச் சமவெளியைப் பெரும் புழுதிப் புயல் தாக்கிய 1935 ஏப்ரல் 14 ‘கறுப்பு ஞாயிறு’ அன்று எடுத்தது என்று உங்கள் பதிவில் போட்டிருக்கிறீர்கள். இடம் சரி: அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துச் சிமரோன் கவுண்டி. தேதி தவறு. புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டீன் அதை எடுத்தது 1936 ஏப்ரலில். கறுப்பு ஞாயிறன்று அவர் அமெரிக்க அரசின் புகைப்படப் பிரிவில் இன்னும் சேரவே இல்லை!

படத்தைப் பார்த்தாலே சந்தேகம் வரவேண்டும். அந்த ஞாயிறு சூரியன் சாயுமுன்பே கும்மிருட்டு. பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியவில்லை. இதிலோ மூவரின் உருவமும் தெளிவாகத் தெரிகிறது.

இந்தப் படத்தைப் பயன்படுத்த ‘உரிமம் வாங்கணும்’ என்று நீங்கள் சொல்வதும் வேண்டாத பயம். அரசுப் பணிக்காக எடுத்தது, அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது. அமெரிக்க காங்கிரஸ் நூலகத் தளத்தில் அசல் தலைப்போடு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.