விழா வளைவு அப்புறம் கட்டலாம், முதலில் ஓர் ஆவணக் காப்பாளரைப் போடுங்கள்

என் வாப்பா படித்த கல்லூரி தன் பழைய பதிவேடுகளை எடைக்கடையில் போட்டதைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். திட்டியவர்களும் ஓய்ந்துவிட்டார்கள், சமாதானம் சொன்னவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். நேற்று அதே கல்லூரியின் விழாக் குழுவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. விழா மலருக்குப் பழைய புகைப்படங்கள், ஆண்டு மலர்கள், அரிய ஆவணங்கள் தேவையாம். வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள் "உடனே" அனுப்பி உதவ வேண்டுமாம்.

வெள்ளையடிக்க அறையைக் காலி செய்கிறோம் என்று அத்தனையையும் மூட்டை கட்டிக் கிலோ கணக்கில் போட்டவர்கள் நீங்கள். தராசுத் தட்டில் பரிசளிப்பு விழாப் பதிவேடு விரிந்து கிடந்த படத்தை ஊரே பார்த்தது. "தேவையில்லாத பழைய காகிதம்தான்" என்று பதிலும் சொன்னீர்கள். இப்போது அந்தத் தேவையில்லாத காகிதத்தை எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிக் கேட்கிறீர்கள். நல்லது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கல்லூரிக்கு ஓர் ஆள் வேண்டும். எந்தத் தாள் எங்கே இருக்கிறது, எது இருக்க வேண்டும், எதைக் கழிக்கலாம் என்று தெரிந்த ஓர் ஆவணக் காப்பாளர். கண்ணாடி அலமாரி வாங்கி, நாடா வெட்டி, 'பாரம்பரிய மூலை' என்று பலகை மாட்டினால் அது ஆவணக் காப்பகம் ஆகிவிடாது. ஆள் வேண்டும்.

"நூலகர் இருக்கிறாரே" என்று போன பதிவிலேயே ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறார், பாவம், தேர்வு நேரத்தில் வினாத்தாள் கட்டும் சுமப்பார், ஆய்வுக்குழு வந்தால் தேநீருக்கும் ஓடுவார். ஆனால் இது வேறு வேலை. நூலகத்துப் புத்தகம் தொலைந்தால் இன்னொரு பிரதி வாங்கிவிடலாம். 1968ஆம் ஆண்டு விடுதிச் சமையல் கணக்கு நோட்டுக்கு இன்னொரு பிரதி கிடையாது. புத்தகத்தைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்குகிறோம். ஆவணத்தை யார் உருவாக்கினார்களோ அவர்கள் வைத்திருந்த வரிசையிலேயே வைக்க வேண்டும், கலைத்தால் பாதிப் பொருள் போய்விடும். எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பு, அதில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று விவரப் பட்டியல் எழுத வேண்டும். வருகிறவரிடம் பேசி, அவர் கேட்பது என்ன, அவருக்கு உண்மையில் வேண்டியது என்ன என்று பிரித்தறிய வேண்டும். இதற்கென்றே படித்துப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம்தான் எல்லாம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. 1985இல் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம். அதே 1985இல் ராமநாதபுரம் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்தது. ஆக, ஒரே மாணவரின் சேர்க்கைப் பதிவு கல்லூரியில், தேர்வு முடிவு ஒரு பல்கலைக்கழகத்தில், அவருக்குப் பாடம் நடத்திய ஆசிரியரின் பணியிடத்துக்கான அரசாணை சென்னையில், கல்லூரி நிற்கும் நிலத்தின் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில். இந்த வழித்தடம் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? இப்போது தெரிந்தவர் யாரென்றால், ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் ஒருவர். அவருக்கும் கண் மங்கிவிட்டது.

என் வாப்பா கதையைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது.

வாப்பாவின் தகப்பனார் கீழக்கரையில் சங்கு குளித்தவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் வாப்பா, விலங்கியல் மாணவர். தம் தகப்பனார் சொல்லக் கேட்டு, எந்தக் காற்றில் தண்ணீர் தெளியும், எந்தக் காற்றில் கலங்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு படுகையில் எப்படித் தடவுவது என்பதையெல்லாம் எழுதி 1968ஆம் ஆண்டு மலரில் கட்டுரை போட்டார். சாகும்வரை அதைப் பற்றிப் பேசினார். வீட்டில் பிரதி இல்லை, யாரோ படிக்க வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை.

அவர் மறைந்த பிறகு கல்லூரிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் தலை நிமிரவில்லை. "அதெல்லாம் எங்கே சார் இருக்கும், புயலில் போயிருக்கும்" என்றார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1968ஆம் ஆண்டு மலரை எப்படிக் கொண்டுபோகும்? நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். அந்த நாட்களில் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்கு வந்து பவளப்பாறைகளைப் பார்த்தார் என்றும், கல்லூரி மாணவர்களோடு படம் எடுத்துக்கொண்டார் என்றும் வாப்பா சொல்லியிருந்தார். அவருடைய காகிதங்கள் அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் இருப்பது தெரிந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதில் வரும் என்று நான் நம்பவில்லை.

வந்தது, கேள்விகளோடு. எந்த ஆண்டாக இருக்கும், எந்தத் துறை மாணவர்கள், வாப்பாவின் பெயரை அந்தக் காலத்தில் எப்படி எழுதுவார்கள், எதற்காகத் தேடுகிறேன். அதன்பின், பதில் எழுதிய அந்தக் காப்பகத்து அம்மையார் பெட்டி எண், கோப்பு எண்ணோடு ஒரு படத்தை அனுப்பினார். முன்பக்கத்தை மட்டும் அனுப்பவில்லை, பின்பக்கத்தையும் சேர்த்து நகலெடுத்திருந்தார். அங்கே மங்கிய பென்சில் எழுத்தில் 'மண்டபம் முகாம், மாணவர்கள்' என்ற பொருளில் ஒரு வரி, அவ்வளவுதான். மணலில் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்ட பையன்கள், நடுவில் ஒரு தட்டு நிறையக் கடல் அட்டை. இடமிருந்து மூன்றாவது வாப்பா. நெஞ்செலும்பு தெரிகிறது.

கட்டுரை தங்களிடம் இல்லை என்றும் சொன்னார். ஆனால் அவர் சொன்ன "இல்லை"யோடு, வேறு எங்கெல்லாம் கேட்டுப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார். மண்டபத்தில் 1949 முதல் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை தலைமையிடம் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பழைய வெளியீடுகள் இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எனக்கு!

கடைசியாக ஒன்று கேட்டிருந்தார். படத்தில் உள்ளவர்களின் பெயர்கள் எங்களிடம் இல்லை, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், குறிப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்று. சொன்னேன். இன்று வாப்பாவின் பெயர் கடல் கடந்து ஒரு காப்பகத்தின் பட்டியலில் இருக்கிறது. அவர் படித்த கல்லூரியில் எங்கும் இல்லை. எடைக்கடைக்குப் போன மூட்டைகளில் இருந்திருக்கலாம்.

உடனே வருவீர்கள், தெரியும். "வெளிநாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான்." எழும்பூரில் 1909இல் கட்டிய ஆவணக் காப்பகம் இன்றும் இயங்குகிறது, அது எந்த நாட்டில் இருக்கிறது? கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். நாம் கழித்துப்போடும் நோட்டீசையும் அழைப்பிதழையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக நிறுத்தியது. பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2019இல் பொதுமக்களுக்கான காப்பகம் ஒன்றைத் திறந்தது. இங்கே முடியாது என்று யார் சொன்னது?

"எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தால் தீர்ந்தது" என்பவர்களுக்கு: செய்யுங்கள். ஆயிரம் பக்கத்தை ஸ்கேன் செய்து, எண் மட்டும் போட்ட கோப்புகளாக ஒரு வன்தட்டில் போட்டு, அதைத் தலைமை எழுத்தர் மேசை இழுப்பறையில் பூட்டுங்கள். பிறகு அதில் எது என்ன என்று எனக்குச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

"எல்லாக் குப்பையையும் கட்டிக்கொண்டு அழ முடியுமா?" முடியாதுதான். நல்ல காப்பாளர் சேர்ப்பதைவிடக் கழிப்பதுதான் அதிகம். ஆனால் படித்துப் பார்த்துக் கழிப்பார். அரசு அலுவலகத்தில்கூடக் கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதுகிறார்கள். 'ஆர்.டிஸ்.' என்றால் நிரந்தரம், 'எல்.டிஸ்.' என்றால் ஓராண்டு. கல்லூரியில் அந்த மூட்டைகளின் ஆயுளை முடிவு செய்தது யார்? வெள்ளையடிக்க வந்தவர்.

"பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, உனக்குக் காப்பகமா" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருந்தார். இதற்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. தண்ணீர்தான் முதலில். ஆனால் விழா வளைவுக்கும் பிளெக்ஸுக்கும் பொன்னாடைகளுக்கும் செலவாகிறதே, அப்போது எங்கே போகிறது இந்தத் தண்ணீர்க் கவலை? காகிதம் என்றால் மட்டும் ஏன் வருகிறது?

சில நேரம் நினைக்கிறேன், இது அலட்சியம் மட்டும்தானா என்று. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கதை தெரிந்திருக்கும். அதை நடத்திய யேசு சபையினர் 1838இல் அடிமைகள் 272 பேரை விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரிக் கடனை அடைத்தது. விற்ற பட்டியல் பத்திரமாக இருந்தது. அதை வைத்துத்தான் அவர்களின் வம்சாவளியினர் தங்கள் முன்னோரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், பல்கலைக்கழகமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. காகிதம் இருந்தால் இப்படியும் ஆகும்.

நம் விடுதிப் பதிவேடுகள் என்ன சொல்லியிருக்கும்? எந்தத் தெருப் பையன் எந்தப் பந்தியில் உட்கார்ந்தான், உதவித்தொகை யாருக்கு எத்தனை மாதம் தாமதமானது, கடற்கரைக் குப்பங்களிலிருந்து சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டு வந்தார்கள்? விழா மலரில் இது எதுவும் வராது. புரவலர் படம் வரும், முதல்வர்கள் வரிசை வரும், அமைச்சரின் வாழ்த்துரை வரும். சங்கு குளித்தவர் மகன் எழுதிய கட்டுரை வராது. அதைத்தான் பழைய காகிதம் என்கிறீர்கள். எங்கள் காகிதம் மட்டும் எப்போதும் எடைக்குத்தான் போகும் போலும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், இருக்கட்டும். "நீ அந்தக் கல்லூரியில் படித்தவனா, உனக்கென்ன வந்தது" என்று கேட்டவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை, வாப்பா படத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் பழைய படமோ மலரோ வைத்திருப்பவர்களுக்கு: லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். படத்தின் பின்னால் பெயர்களை மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். நம் உப்புக் காற்றுக்குத் தரையோடு ஒட்டிய பீரோ ஆகாது, உயரத்தில், காற்றோட்டமாக வையுங்கள். ராமபாணப் பூச்சி ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது பிரித்துப் பாருங்கள். விழாக் குழு கேட்டால் நகல் கொடுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று அவர்கள் கேட்டால், வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்ளப்போகும் ஆளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.