லேண்ட்-டுவெல்லர்: டயலை விடுங்க, எஸ்கேப்மென்டைப் பாருங்க

தறி வாங்கினாலும் லேத் வாங்கினாலும் நம்ம கொங்குக்காரர் மூணு கேள்வி கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். இதுல என்ன புதுசு? நம்ம பட்டறையில தாங்குமா? நின்னுபோனா யார் பார்ப்பாங்க, ஸ்பேர் கிடைக்குமா? ரோலெக்ஸ் 2025 ஏப்ரலில் ஜெனீவாவில் வெளியிட்ட லேண்ட்-டுவெல்லர் வாட்சையும் இதே மூணு கேள்வியோடுதான் பார்க்கணும். முதல் இரண்டுக்கும் வாட்ச் நல்லாவே பதில் சொல்கிறது. மூன்றாவதில்தான் இடிக்கிறது.

வெளித்தோற்றம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 40 மி.மீ., 36 மி.மீ. என்று இரண்டு அளவு. தடிமன் 9.7 மி.மீ.தான், முழுக்கைச் சட்டைக்குள் சுலபமாகப் போய்விடுகிறது. கேஸும் செயினும் ஒரே வார்ப்பு போல ஓடும் இந்த வடிவம் 1977-இல் வந்த ரோலெக்ஸின் பேட்டரி வாட்சான ஆயிஸ்டர்குவார்ட்ஸின் சாயல். சாவியில் ஓடும் மெக்கானிக்கல் வாட்சுகளை ஒழித்துக்கட்டப் பார்த்தது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். அந்தக் குவார்ட்ஸின் சட்டையையே இன்று ஒரு மெக்கானிக்கல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, வேடிக்கைதான். லேசரில் செதுக்கிய தேன்கூடு டயல் அழகு. அதன் மேல் தேதிக்காக உட்கார்ந்திருக்கும் அந்த உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் இருந்திருக்கலாம். இது என் ரசனை, சண்டைக்கு வராதீங்க.

விஷயம் பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 7135 என்ற புது இயந்திரம், அதில் டைனாபல்ஸ் என்ற புது எஸ்கேப்மென்ட்.

எஸ்கேப்மென்ட் என்பது சாவி கொடுத்தால் இறுகும் மெயின் ஸ்பிரிங்கின் பலத்தை ஒரேயடியாக ஓடவிடாமல், இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலுக்குத் துளித்துளியாகக் கொடுக்கும் இடம். வாய்க்காலில் மடை திறந்து மூடுவது மாதிரி. இன்று விற்கும் மெக்கானிக்கல் வாட்சுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இருப்பது சுவிஸ் லீவர்; அதன் மூலம் 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் மட்ஜ் செய்த லீவர். ஒரு பல்சக்கரம், நங்கூரம் போல ஒரு பேலட் ஃபோர்க், அதன் நுனிகளில் இரண்டு ரூபி கல். சக்கரத்தின் பல் அந்தக் கல்லின் மேல் உரசி வழுக்கித்தான் தள்ளுகிறது. உரசல் இருந்தால் ஆயில் வேண்டும். ஆயில் கூடிப்போனால் பரவி அழுக்கைப் பிடிக்கும், காய்ந்துபோனால் பேலன்ஸ் வீலின் வீச்சு குறையும், நேரம் தப்பும். சர்வீஸுக்கு வரும் வாட்சுகளில் பாதித் தொல்லை இந்த ஒரு துளி ஆயிலில்தான் ஆரம்பிக்கிறது.

டைனாபல்ஸில் ஒன்றுக்கு இரண்டாகப் பல்சக்கரங்கள். இரண்டும் ஒன்றோடொன்று கோத்து எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. நடுவில் ஊஞ்சல் மாதிரி ஒரு துண்டு. இந்தச் சக்கரம் ஒரு தட்டு, அந்தச் சக்கரம் ஒரு தட்டு என்று மாறி மாறி அதைத் தள்ள, அது பேலன்ஸ் வீலைத் தள்ளுகிறது. வழுக்குவதைவிட உருண்டு தள்ளுவதே அதிகம், அதனால் வீணாகும் பலம் குறைவு. இரண்டு சக்கர யோசனை பிரெகே என்ற அந்தக் கால வாட்ச் மேதை காலத்துப் பழசு. கோத்த பற்களுக்கு இடையில் இருக்கும் இடைவெளியும் சக்கரத்தின் கனமும் சேர்ந்து அன்று அதைக் கவிழ்த்துவிட்டன. சிலிக்கானில் செய்தால் சக்கரம் எடை குறைவு, பல்லின் அளவு மைக்ரான் சுத்தம். அதனால்தான் இன்று நடக்கிறது. ஆனால் சிலிக்கானை எஸ்கேப்மென்டுக்குள் முதலில் கொண்டுவந்தது ரோலெக்ஸ் இல்லைங்க, 2001-இல் யூலிஸ் நார்டின் கம்பெனியின் ஃப்ரீக் வாட்ச். லீவருக்கு மாற்றாக ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற வாட்ச்காரர் செய்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்டை ஒமேகா 1999-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

சரி, பலன் என்ன? பேலன்ஸ் மணிக்கு 36,000 முறை அடிக்கிறது, அதாவது நொடிக்கு 10. வழக்கமாக இருப்பது 28,800, நொடிக்கு 8. அடி வேகம் கூடினால் புல்லட்டில் பல்லடம் ரோட்டுப் பள்ளத்தில் போகும்போது விழும் குலுக்கலில் இருந்து பேலன்ஸ் சீக்கிரம் தன் தாளத்துக்குத் திரும்பும். ஆனால் வேகம் கூடினால் சாவி சீக்கிரம் தீரும். 1969-இல் 36,000 அடியோடு வந்த ஜெனித்தின் எல் ப்ரிமேரோ ஓடியது சுமார் 50 மணி நேரம். இது சுமார் 66. வெள்ளி சாயங்காலம் 6 மணிக்குக் கழற்றி வைத்தால் திங்கள் காலை 9 மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். நாளொன்றுக்கு 2 நொடிக்குள் துல்லியம் என்கிறது கம்பெனி. ஒரு நாளுக்கு 86,400 நொடி, அதில் 2.

இனி நம்ம ஊர்ச் சங்கதி. இங்கே வாட்சுக்கு முதல் எதிரி தண்ணீர் இல்லை, காந்தம். சர்ஃபேஸ் கிரைண்டரின் மேக்னடிக் சக், பி.எல்.டி.சி. மோட்டாரின் ரோட்டர், ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த போன் கவர். பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய சுருளான சாதாரண ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும், வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் ஃபாஸ்ட் ஓடும். போனில் காம்பஸைத் திறந்து வாட்சைப் பக்கத்தில் கொண்டுபோங்க, முள் ஆடினால் சந்தேகம் உறுதி. காந்தத்தை எடுக்கும் டீமேக்னடைசரில் காட்டினால் சில நொடியில் சரியாகிவிடும். 'காந்தம் தாங்கும்' என்று ஐ.எஸ்.ஓ. 764 முத்திரை கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர், சுமார் 60 காஸ்தான். லேண்ட்-டுவெல்லரில் ஹேர் ஸ்பிரிங்கும் சிலிக்கான், எஸ்கேப்மென்டும் சிலிக்கான், பேலன்ஸின் அச்சு செராமிக். காந்தம் பிடிக்க அங்கே இரும்பு இல்லை. கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறை வைத்திருப்பவருக்கு டயலைவிட இதுதான் காசு பெறும்.

குறையும் உண்டு. செயினின் கொக்கியில் அவசரத்துக்கு நீட்டிக்கொள்ளும் ஈஸிலிங்க் இல்லை. சித்திரை வெயிலில் மணிக்கட்டு உப்பினால் இறுக்கும். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையமான பெசல் 18 காரட் வெள்ளைத் தங்கம், கிரானைட் மேடையில் இடித்தால் கோடு விழும். இணைந்த செயின் என்பதால் லெதர் ஸ்ட்ராப்புக்கு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

இப்போது மூன்றாவது கேள்வி. ஸ்டீல் ஹேர் ஸ்பிரிங் கோணினால் கைதேர்ந்த வாட்ச்காரர் டுவீசரில் நிமிர்த்திவிடுவார். சிலிக்கான் வளையாது, உடையும். உடைந்தால் மாற்றத்தான் வேண்டும், அந்தப் பாகம் வெளிக்கடைக்கு வராது. ஒப்பணக்கார வீதியில் எவ்வளவு திறமைசாலி உட்கார்ந்திருந்தாலும் இதில் அவர் கை வைக்க முடியாது. 5 வருட வாரண்டி, சுமார் 10 வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் போதும் என்கிறார்கள், நல்லது. ஆனால் பேரன் காலத்திலும் கம்பெனி வாசலில்தான் நிற்கணும். வாட்சோடு சேர்த்து அந்தக் கட்டுப்பாட்டையும் வாங்குகிறோம். எனக்கு இது உறுத்துகிறது.

அப்படியும் வாங்குவதாக இருந்தால்: ஸ்டீல்-வெள்ளைத் தங்கம் 40 மி.மீ.க்கு அமெரிக்காவில் அறிமுக விலை 14,900 டாலர். இங்கே பில் 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் பில்லோடு சேர்த்து வாங்கும் வரி) பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பான் கார்டு கட்டாயம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்க முடியாது.

செகண்ட் ஹேண்டில் வந்தால் டைம்கிராஃபரில், அதாவது வாட்சின் டிக் சத்தத்தைக் கேட்டு அளக்கும் மெஷினில், வைத்துப் பாருங்க. 36,000 காட்டணும். 28,800 காட்டினால் பெட்டி, கார்டு எதையும் பார்க்க வேண்டாம், போலி. ஆனால் அதே மெஷின் காட்டும் வீச்சுக் கணக்கை நம்பாதீங்க. அது சுவிஸ் லீவருக்கான 52 டிகிரி லிஃப்ட் ஆங்கிளை (எஸ்கேப்மென்ட் தள்ளும்போது பேலன்ஸ் திரும்பும் கோணம்) வைத்துப் போடும் கணக்கு, இந்த எஸ்கேப்மென்டுக்கு ஒத்துவராது. எண் குறைவாக வந்ததே என்று பயந்துபோய் மூடியைத் திறக்கச் சொல்லிவிடாதீங்க.