பதினோராம் எண் டிராமும் இரண்டு ராப் பாடகர்களும்

ராப் ஜோடி பிரிந்துவிட்டால் ரசிகர்கள் உடனே பஞ்சாயத்தைக் கூட்டிவிடுகிறார்கள். தவறு யார் மீது, மீண்டும் எப்போது சேர்வார்கள் என்பதே பேச்சாகிவிடுகிறது. குரோவேஷியாவின் 'டிராம் 11' என்ற ராப் ஜோடியைப் பற்றிப் பேசும்போதும் இதே ஏக்கம்தான். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

டார்கெட், ஜெனரல் வூ என்ற இருவர். ஊர் தலைநகர் ஜாக்ரெப். தங்களுக்கு அவர்கள் சூட்டிக்கொண்டது ஒரு டிராம் தடத்தின் எண். பதினோராம் எண் டிராம் மேற்கே சர்னோமெரெட்ஸில் புறப்பட்டு, இலிட்சா தெரு வழியாக யெலாசிச் சதுக்கத்துக்கு வந்து, மாக்சிமிர் பூங்காவையும் டினாமோ கால்பந்து மைதானத்தையும் கடந்து, டுப்ராவா வழியே கிழக்குக் கோடியில் டுபெட்ஸில் போய் நிற்கும். பெயரிலேயே ஊர்க்காரர்களுக்கு விலாசம் சொல்லிவிட்டார்கள். அமெரிக்க வேடம் கட்டுவது சுலபமாக இருந்த காலத்தில் இது சாதாரணத் துணிச்சல் அல்ல.

இவர்களைக் குரோவேஷிய ராப்பின் முன்னோடிகள் என்று சொல்வதில் ஒரு திருத்தம் வேண்டும். ஸ்ப்லிட் நகரத்து டிபிஎஃப் ராப் குழுவின் முதல் ஆல்பம் 1997இலேயே வந்துவிட்டது. ஆனால் ஜாக்ரெப் தெருவுக்கு ராப்பில் ஒரு முகம் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

இந்த வளர்ச்சியில் வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. 'ரேடியோ 101' நிலையத்தில் ஃபாட் ஃபில்லி நடத்திய 'பிளாக்அவுட்' நிகழ்ச்சிதான் உள்ளூர் ராப்புக்கு நாற்றங்கால். 1996 நவம்பரில், அதிபர் துஜ்மன் ஆட்சிக் காலத்தில், அந்த நிலையத்தின் உரிமம் பறிபோகும் நிலை வந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் யெலாசிச் சதுக்கத்தில் திரண்டார்கள். குரோவேஷியாவின் விடுதலைப் போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒரு வானொலிக்காக அத்தனை கூட்டம்! நிலையம் பிழைத்தது. அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு இந்த இசையின் வரலாற்றை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிராம் 11-இன் முதல் ஆல்பம் 1999இல் வந்தது. நாம் லூடோ என்று ஆடும் ஆட்டத்தின் குரோவேஷியப் பெயரே அதன் தலைப்பு: 'மனிதா, கோபப்படாதே'. அந்த டிசம்பரில் துஜ்மன் இறந்தார். அடுத்த மாதத் தேர்தலில் அவர் கட்சி தோற்றது. 2000இல் இரண்டாவது ஆல்பம், 'நகரத்துத் தார்ச்சாலையின் சூடு'. ஒன்று ஆட்சி மாற்றத்துக்கு முன்பு, மற்றொன்று பின்பு. அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு நகரம் திரும்பும் வளைவு தெரியும்.

பிறகு இருவரும் தனித்தனி வழியில் பாடப் போய்விட்டார்கள். போகட்டுமே! 2001 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 44 லட்சம். அவ்வளவு சிறிய சந்தையில் இரண்டு பேர் ஒரே பெயரைக் கட்டிக்கொண்டு இருபது ஆண்டுகள் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்? போஸ்னியாவில் பிறந்த ராப் பாடகர் எடோ மாய்காவின் முதல் ஆல்பம் 2002இல் வந்தபோது, தாய்மொழி ராப்பைக் கேட்கப் பழகிய கூட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதைப் பழக்கியவர்களில் டிராம் 11 ஜோடியும் உண்டு. அந்த இருவரும் நண்பர்களாக இருக்கிறார்களா, பகைவர்களா என்பது அவர்கள் வீட்டு விஷயம். புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 1999 ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள்.