ரெவெல் சந்தை

தெற்கு பிரான்ஸ் என்றாலே எல்லோரும் கடற்கரைப் படமும் லாவெண்டர் வயலும்தான் போடுகிறார்கள். துலூஸுக்குக் கிழக்கே 50 கிலோமீட்டர் சொச்சத்தில், கறுப்பு மலையின் அடிவாரத்தில் ரெவெல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதான் இந்தப் பதிவு.

1342இல் ஆறாம் ஃபிலிப் அரசர் காலத்தில், கோடு கிழித்து அளந்து கட்டிய ஊர் இது. இப்படித் திட்டம் போட்டுக் கட்டிய ஊர்களை அங்கே 'பாஸ்தீத்' என்பார்கள். நடுவில் சதுரமாக ஒரு திடல், அதைச் சுற்றி வளைவுத் தாழ்வாரம் வைத்த வீடுகள், திடலின் மையத்தில் பெரிய ஓட்டுக்கூரை போட்ட சந்தைக் கொட்டகை, கூரைக்கு மேலே மணிக்கூண்டு. கொட்டகையை இன்னமும் மரத்தூண்கள்தான் தாங்குகின்றன. முக்கியத் தெருக்கள் நேராக வந்து அந்தத் திடலில்தான் முட்டும்.

எனக்கு அங்கே பிடித்துப்போனது பழமை இல்லை. 14ஆம் நூற்றாண்டில் எதற்காகக் கட்டினார்களோ அந்த வேலையையே அந்தக் கொட்டகை இன்றும் ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்துகொண்டிருக்கிறது, அதுதான். வேறு ஊராக இருந்தால் கயிறு கட்டி, டிக்கெட் போட்டு, உள்ளே நாலு புகைப்படம் மாட்டியிருப்பார்கள். இங்கே அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு பாட்டி கீரைக்கட்டுக்கு விலை சொல்கிறார். பக்கத்து லொத்ரெக் பகுதியில் விளையும் இளஞ்சிவப்புப் பூண்டு, தண்டோடு சேர்த்துக் கொத்துக் கொத்தாகக் கட்டி வைத்திருப்பார்கள், கண்டிப்பாக வாங்குங்கள். பிரான்ஸில் எத்தனையோ சிறு நகரங்களில் ஊருக்கு வெளியே பெரிய சூப்பர் மார்க்கெட் வந்ததும் நடுத்தெருக் கடைகள் மூடிக் கிடக்கின்றன, அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் மனசு நிறைந்துவிடும்.

அப்புறம், ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் சான் ஃபெரெயோல் ஏரி. துலூஸை மத்தியதரைக் கடலோடு இணைக்கும் கனால் து மிதி கால்வாய்க்கு வருடம் முழுக்கத் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று, அந்தக் கால்வாயை வெட்டிய பியேர் போல் ரிக்கே 1667இல் தொடங்கிய அணை. மலை ஓடைகளின் நீரைத் தேக்கி, கால்வாயின் உச்சிமேட்டுக்குக் கொண்டுபோய் விட்டால் இரண்டு பக்கமும் இறங்கும், அதுதான் அவர் கணக்கு. கால்வாய் 1681இல் திறந்தது, அவர் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். அந்தக் கரையில் நின்றபோது இதை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

சரி, போகிறவர்கள் சனிக்கிழமை பார்த்துப் போங்கள், முடிந்தால் காலை 8 மணிக்கே. மதியத்துக்குள் கடைகளைக் கட்டிவிடுவார்கள்.