டிரம்ஸ் வந்ததால் அந்தத் தனிமை கெடவில்லை

ஆழ்ந்து யோசிக்க வைக்கும் ஃபோக் ராக் (நாட்டுப்புறப் பாட்டும் ராக் இசையும் கலந்தது) பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "வெறும் கிட்டாரும் குரலும் போதும், டிரம்ஸ் சேர்ந்தால் உணர்வு போய்விடும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

அமெரிக்கப் பாடகர்கள் சைமன், கார்ஃபங்கல் இருவரின் 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1964 மார்ச்சில் டிரம்ஸ் இல்லாமல் பதிவானது. அது இடம்பெற்ற ஆல்பம் விலைபோகவில்லை, இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன், அவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அதே பதிவின் மேல் எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் ஏற்றினார். 1966 ஜனவரியில் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. கேட்காமல் செய்தது தப்புதான். ஆனால் காதுக்கு வந்து சேர்ந்ததைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். முதல் சரணத்தில் டிரம்ஸே கிடையாது. தந்தி தந்தியாக மீட்டும் கிட்டார், அதன்மேல் ஒட்டிப் பிறந்தவை போல இரண்டு குரல்கள். எது மெட்டு, எது துணை என்று பிரிக்கவே வராது. இரண்டாவது சரணத்தில், குறுகலான கல் தெருவில் தனியாக நடந்ததைப் பாடும்போதுதான் டிரம்ஸ் உள்ளே வருகிறது. எனக்கு அது நடக்கிறவனின் காலடியாகவே கேட்கிறது.

இன்னொன்றும் உண்டு. முதல் பதிவில் பாட்டின் வேகம் ஒரே சீராக இல்லை. இங்கே கொஞ்சம் இழுத்து, அங்கே கொஞ்சம் முந்தி, பாடுகிறவர்களின் மூச்சுப்படி போகிறது. பின்னால் வந்த வாத்தியக்காரர்கள் அதைத் துரத்திப் பிடிக்கத் திணறினார்கள். வழக்கமாகத் தாளம் முன்னே போகும், குரல் அதற்குள் அடங்கும். இங்கே தாளம் குரலுக்குக் காத்திருக்கிறது. அவசரமே இல்லாத அந்த நடை அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி. இப்போதெல்லாம் கிளிக் டிராக்கில், அதாவது பதிவின்போது காதில் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் தாள ஒலியில், அசையாமல் கட்டிப்போட்டு, மைக்குக்குப் பக்கத்தில் கிசுகிசுத்து, எதிரொலியை அள்ளிப் பூசி 'அமைதியான பாட்டு' என்று தருகிறார்கள். சத்தம் குறைவுதான், சரி. யோசனை எங்கே?

அப்புறம் மூன்றாவது சரணம். பத்தாயிரம் பேர் கூடி நின்றும் ஒருவருக்கும் மற்றவர் சொல்வது எட்டாத காட்சி அது. கிட்டார் மட்டும் உள்ள வடிவத்தில் அந்தக் கூட்டத்தை நாம்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். டாம் வில்சனின் வடிவத்தில் கூட்டம் நம்மைச் சுற்றியே நிற்கிறது, அந்த இரண்டு குரல்களும் அதற்கு நடுவில் தனியாகப் பாடுகின்றன.