டியாகோ கார்சியாவில் நிரந்தர வேலை என்பது உண்மையா?

"டியாகோ கார்சியா அமெரிக்கத் தளத்தில் நிரந்தர வேலை, குடும்பத்தோடு தங்கலாம், முற்பணம் கட்டுங்கள்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி கொழும்பில் சுற்றுகிறது. பொய்.

அந்த இராணுவத் தளம்தான் நிரந்தரம், அங்கே வேலை செய்பவர்கள் நிரந்தரமில்லை. கொழும்பிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர் தெற்கே உள்ள அந்தத் தீவில் அமெரிக்கக் கடற்படையினருக்கே வழமையான பணிக்காலம் 12 மாதம்தான். மனைவி, பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. பிள்ளைகளுக்குப் பாடசாலை கிடையாது, மருத்துவ வசதியும் மட்டுப்பட்டது. அதனால்தான் புறப்படுமுன்பே பல் உட்பட முழு உடற்பரிசோதனை.

சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைகளை ஒப்பந்த நிறுவனங்கள் பார்க்கின்றன. அவற்றில் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் நாட்டவர். அவர்களும் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டியவர்களே. பயணிகள் விமானம் அங்கு போவதில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இறங்கவும் முடியாது. "விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவருக்கு அந்தத் தீவு எங்கே இருக்கிறதென்றே தெரியாது போலும்.

பணம் கேட்கும் முகவரிடம் உரிம இலக்கத்தையும், அந்தக் குறிப்பிட்ட வேலைக்குக் கிடைத்த அங்கீகாரத்தையும் கேளுங்கள். உரிமம் மட்டும் போதாது. இரண்டையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துச் சரிபார்க்கலாம்.