லிங்க் எடுக்க ரெஜெக்ஸ் வேணாம், பார்சர் இருக்கு

எச்டிஎம்எல்ல இருந்து, அதாவது வெப் பேஜோட சோர்ஸ்ல இருந்து, லிங்க் எடுக்கணும்னா உடனே ரெஜெக்ஸ் (ஒரு பேட்டர்ன் குடுத்து எழுத்துகளத் தேடற முறை) எழுத உக்கார்றவங்களப் பாத்தா நெஜமாவே கவலையா இருக்கு. ரெஜெக்ஸ் எனக்கு ரொம்பப் பிடிக்கும், தெனமும் அதுலதான் புழங்கறேன், ஆனா இந்த வேலைக்கு அது சரிப்பட்டு வராது.

வழக்கமா எல்லாரும் எழுதறது ஹெச்ரெஃப் (லிங்கோட அட்ரஸ் இதுலதான் இருக்கும்), ஈக்குவல், டபுள் கோட்ஸ், நடுவுல டாட் ஸ்டார் (எந்த எழுத்து எத்தன வந்தாலும் எடுத்துக்கோன்னு அர்த்தம்), மறுபடி டபுள் கோட்ஸ். ஒரே வரியில மூணு லிங்க் இருந்தா டாட் ஸ்டார் முதல் லிங்க்ல ஆரம்பிச்சு அந்த வரியோட கடைசி டபுள் கோட்ஸ் வரைக்கும் மொத்தமா அள்ளிட்டு வந்துடும். சரி, ஸ்டாருக்குப் பின்னாடி ஒரு கேள்விக்குறி போட்டு, முடிஞ்ச அளவு கம்மியா எடுன்னு அத அடக்கியாச்சு, அப்புறம் பாத்தா ஒருத்தர் சிங்கிள் கோட்ஸ்ல எழுதியிருப்பாரு, இன்னொருத்தர் கோட்ஸே போட்டிருக்க மாட்டாரு, ஈக்குவலுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் இருக்கும், ஹெச்ரெஃப் கேப்பிட்டல்ல இருக்கும். இதெல்லாம் ஸ்டாண்டர்டுபடி சரிதாங்க, யாரும் தப்பா எழுதல!

ஒவ்வொண்ணுக்கும் பேட்டர்ன்ல ஒட்டு போட்டுட்டே போகலாம். ஆனா கமெண்டுக்குள்ள மறைச்சு வச்ச பழைய லிங்க்? அதையும் எடுத்துட்டு வரும். டேட்டா-ஹெச்ரெஃப்னு ஒரு ஆட்ரிபியூட் (டேக்குக்குள்ள எழுதற தகவல்) இருந்தா அதுவும் மாட்டும். அட்ரஸ்ல பாராமீட்டர்களப் பிரிக்கற ஆம்பர்சண்ட் இருந்தா சோர்ஸ்ல அது பெரும்பாலும் ஆம்பர்சண்ட், ஏஎம்பி, செமிகோலன்னுதான் இருக்கும், அத அப்படியே எடுத்து ரிக்வஸ்ட் அனுப்பினா அடுத்த பாராமீட்டர் பேருக்கு முன்னாடி அந்த ஏஎம்பி ஒட்டிக்கிட்டுப் போகும், சர்வருக்கு அது என்னன்னே தெரியாது.

இதுல எதுக்குமே எர்ரர் வராது, அதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். ஸ்கிரிப்ட் நல்லபடியா ஓடி முடியும், லிஸ்டும் நீளமா வரும், விட்டுப்போன லிங்க் எதுன்னு யாருக்குமே தெரியாது.

பிரவுசர் எச்டிஎம்எல்ல எப்படிப் படிக்கணும்னு ஸ்டாண்டர்டுல எழுத்து எழுத்தா எழுதி வச்சிருக்காங்க, டேக் ஒழுங்கா மூடாம இருந்தா என்ன பண்ணணும்ங்கறது வரைக்கும். அப்படிப் படிச்சுப் பிரிச்சுத் தர்ற புரோகிராம்தான் பார்சர், அந்த உழைப்பெல்லாம் நமக்கு ஒரே வரியில கெடைக்குது. பைத்தான்ல பியூட்டிஃபுல் சூப்ங்கற லைப்ரரிய எச்டிஎம்எல்5லிப் பார்சரோட போட்டு ஹெச்ரெஃப் இருக்கற ஏ டேக் எல்லாம் குடுன்னா குடுத்துடும், கோட்ஸ் எதுவா இருந்தாலும், ஏஎம்பியும் தானா சரியாயிடும். பாதி அட்ரஸா வர்றத யூஆர்எல்ஜாயின்ங்கற ஃபங்ஷன் முழுசாக்கிடும், பேஸ் டேக் (பாதி அட்ரஸ எதோட சேக்கணும்னு சொல்றது) இருந்தா அத மட்டும் மறக்காம பாத்துக்கணும்.

நீங்களே ஜெனரேட் பண்ண ஃபைல், ஒரே ஃபார்மேட், ஒரு தடவ மட்டும் ஓட்டப் போறீங்கன்னா ரெஜெக்ஸ் போடுங்க, யாரும் கேக்கப் போறதில்ல. பார்சர் குடுத்த லிஸ்ட்ல பிடிஎஃப் மட்டும் தனியா எடுக்கணும்னாலும் தாராளமா போடுங்க, பிடிஎஃப்க்குப் பின்னாடி கேள்விக்குறியோட ஏதாவது ஒட்டியிருக்கலாம், அதையும் சேத்து எழுதுங்க.